குதிப்பதற்கு முன் உடலை உதறிய முயல்

ஒரு முயல் தீயில் குதிக்கப் போகிறது. குதிப்பதற்கு முன் அது தன் உடலை மூன்று முறை உதறுகிறது. தன் மயிருக்குள் சிற்றுயிர்கள் ஏதேனும் ஒட்டிக்கொண்டிருந்தால் அவையும் தன்னோடு சேர்ந்து வெந்துவிடக் கூடாது என்பதே அதற்குக் காரணம். பௌத்தக் கதைகளில் கருணை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யாரேனும் கேட்டால், முயல் தீயில் குதித்ததைக் காட்டிலும் இந்த உதறலைத்தான் நான் முதலில் சொல்வேன். தீயில் குதிப்பது பெருஞ்செயல்; அதைப் பார்த்து வியக்கலாம். உதறுவதோ ஐந்து வயதுக் குழந்தையும் எழுந்து நின்று செய்து பார்க்கக்கூடிய சிறுசெயல்.

இந்தக் கதை ஜாதகக் கதைகளில் ஒன்று. ஜாதகம் என்றவுடன் நமக்குப் பிறந்த நேரமும் கட்டங்களும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இங்கே அந்தச் சொல்லுக்குப் பிறப்பைப் பற்றியது என்பது மட்டுமே பொருள். கௌதம புத்தர் புத்தராவதற்கு முன் எண்ணற்ற பிறவிகள் எடுத்தார் என்பதும், அப்பிறவிகளில் அவர் மானாகவும் குரங்காகவும் யானையாகவும் அரசனாகவும் வணிகனாகவும் வாழ்ந்து நற்பண்புகளை ஒவ்வொன்றாக முதிரச் செய்துகொண்டார் என்பதும் பௌத்தர்களின் நம்பிக்கை. புத்தநிலையை நோக்கி அவ்வாறு நடந்துகொண்டிருப்பவரைப் போதிசத்துவர் என்பார்கள். பாலி மொழியில் உள்ள தொகுப்பில் இத்தகைய கதைகள் 547 இருக்கின்றன. அவை கருப்பொருளை வைத்து அடுக்கப்படவில்லை. ஒவ்வொரு கதையிலும் எத்தனை செய்யுள்கள் வருகின்றன என்ற கணக்கை வைத்து 22 பகுதிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கருணைக் கதைகளைத் தேடுகிறவர் தொகுப்பு முழுவதும் அலைய வேண்டியிருக்கும். அவற்றில் செய்யுட்பகுதிதான் பௌத்தத்தின் மூல நூல்தொகுப்பான திரிபிடகத்தைச் சேர்ந்தது. நாம் கதை என்று அறிந்திருக்கும் உரைநடை, உரைகாரர்கள் பாதுகாத்துத் தந்தது.

பெரும்பாலான ஜாதகக் கதைகளுக்கு ஒரே கட்டமைப்பு உண்டு. புத்தரின் காலத்தில் ஏதோ ஒன்று நிகழ்கிறது; அதைப் பற்றித் துறவிகள் பேசிக்கொண்டிருக்கும்போது புத்தர் வந்து, இது இப்போது மட்டும் நிகழ்ந்ததன்று, முன்பும் நிகழ்ந்தது என்று ஒரு பழங்கதையைச் சொல்கிறார்; முடிவில், அன்றைய குரங்கு இன்றைய இன்னார், அன்றைய அரசன் இன்றைய இன்னார் என்று இரு காலங்களையும் இணைத்துக் காட்டுகிறார். சிறு குழந்தைகளுக்குச் சொல்லும்போது முன்னுரையையும் முடிவுரையையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள பழங்கதையை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. மறுபிறவி என்ற கருத்தை விளங்கவைக்கப் புகுந்தால் முயல் பின்னுக்குப் போய்விடும்.

கருணை என்ற சொல்லைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பௌத்தம் வளர்க்கச் சொல்லும் மனநிலைகள் நான்கு: மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை. அவற்றுள் முதல் மூன்றின் பெயர்களையும் மணிமேகலையின் இறுதிக் காதையிலேயே காணலாம். எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று விரும்புவது மைத்திரி. துன்புறும் உயிரின் துன்பம் நீங்க வேண்டும் என்று உள்ளம் அசைவது கருணை. பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது முதிதை. விருப்பு வெறுப்பின்றி நடுநிலையில் நிற்பது உபேட்சை. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரையாசிரியர் புத்தகோசர், பிறர் துன்புறும்போது நல்லோரின் நெஞ்சை நடுங்கச் செய்வதே கருணை என்று விளக்குகிறார். நடுக்கம் என்ற அந்தச் சொல் முக்கியமானது. கருணை ஒரு முடிவாகவோ கடமையாகவோ தொடங்குவதில்லை; நெஞ்சில் எழும் ஓர் அசைவாகத் தொடங்குகிறது.

புத்தகோசர் இன்னொன்றும் சொல்கிறார். கருணைக்கு இரண்டு பகைகள் உண்டு. தொலைவிலிருக்கும் பகை கொடுமை. அதை யாரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். அருகிலிருக்கும் பகை துயரம். அது கருணையைப் போலவே தோற்றமளிப்பதால் ஏமாற்றிவிடும். ஒரு குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுகிறது. அதைப் பார்த்த இன்னொரு குழந்தை தானும் உட்கார்ந்து அழத் தொடங்குகிறது. மூன்றாவது குழந்தை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருகிறது. இரண்டாவது குழந்தையைக் குறைசொல்ல வேண்டியதில்லை. அதன் நெஞ்சும் அசைந்திருக்கிறது, ஆனால் அசைவு அங்கேயே தங்கிவிட்டது. கருணைக் கதைகளில் அசைவு கையை எட்டுகிறது, காலை எட்டுகிறது, சில வேளைகளில் வாலையும் எட்டுகிறது.

இனி முயலின் கதை. காட்டில் முயல், குரங்கு, நரி, நீர்நாய் ஆகிய நான்கும் நண்பர்கள். மறுநாள் நோன்பு நாள் என்பதை நிலவைப் பார்த்து அறிந்த முயல், நாளை யார் பசியோடு வந்தாலும் நம் உணவில் பங்கு கொடுத்துவிட்டுத்தான் உண்ண வேண்டும் என்று நண்பர்களிடம் சொல்கிறது. விடிந்ததும் ஒவ்வொன்றும் இரை தேடிப் போகிறது. ஆற்றங்கரை மணலில் யாரோ புதைத்துவைத்திருந்த ஏழு மீன்கள் நீர்நாய்க்குக் கிடைக்கின்றன. இவை யாருடையவை என்று அது மூன்று முறை உரக்கக் கேட்டுப் பார்க்கிறது. பதில் வராததால் எடுத்துக்கொண்டு வருகிறது. ஒரு வயற்காவலனின் குடிசையில் இறைச்சியும் ஒரு பானைத் தயிரும் நரிக்குக் கிடைக்கின்றன; அதுவும் அவ்வாறே மூன்று முறை கேட்கிறது. குரங்கு மாம்பழங்களைப் பறித்துவைக்கிறது. முயலுக்குப் புல் மட்டுமே கிடைக்கும், மனிதருக்குப் புல்லைக் கொடுக்க முடியாது. அப்படி ஒருவர் வந்துவிட்டால் என் உடலையே கொடுப்பேன் என்று முயல் எண்ணிக்கொள்கிறது.

முயல் அவ்வாறு எண்ணியவுடன் வானுலகில் இந்திரனின் ஆசனம் சூடேறுகிறது. மண்ணில் யாரேனும் பெருங்குணத்தோடு ஒன்றை நினைத்தால் இந்திரனால் அமர்ந்திருக்க முடியாது என்பது இக்கதைகளில் உள்ள ஒரு வேடிக்கையான ஏற்பாடு. இந்திரன் முதிய அந்தணர் வடிவில் வந்து நான்கு நண்பர்களிடமும் உணவு கேட்கிறான். மற்ற மூன்றும் தம்மிடம் உள்ளதைத் தர முன்வருகின்றன. முயல், விறகு அடுக்கித் தீ மூட்டுங்கள் ஐயா, நான் அதில் குதிக்கிறேன், வெந்ததும் உண்ணுங்கள் என்கிறது. தீ எரிகிறது. முயல் எழுந்து, உடலை மூன்று முறை உதறிவிட்டுக் குதிக்கிறது. ஆனால் தீ அதன் ஒரு மயிர்க்காலைக்கூடச் சுடவில்லை. பனிக்குள் நுழைந்ததுபோல் குளிர்ந்திருக்கிறது. இந்திரன் தன்னை யாரென்று காட்டி, ஒரு மலையைப் பிழிந்து அதன் சாற்றால் நிலவின் மேல் முயலின் உருவத்தை வரைந்துவிடுகிறான். நிலவில் தெரியும் கறையை நம் புலவர்களும் முயல் என்றே கண்டார்கள். நிலவுக்குச் சசி என்ற பெயர் வந்ததும் முயலைக் குறிக்கும் சசம் என்ற சொல்லால்தான்.

இந்தக் கதையைச் சிறு குழந்தைகளுக்கு முதன்முறை சொன்னபோது நான் ஒரு தவறு செய்தேன். இந்திரன் வெளிப்படும் இடத்தைப் பெரிதாக்க விரும்பி, தீயில் குதித்த முயலை அப்படியே விட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்தினேன். எதிரே இருந்த சிறுமியின் முகம் கலங்கிவிட்டது; சுட்டதா, சுட்டதா என்று இருமுறை கேட்டாள். அன்று முதல், முயலின் கால்கள் தரையை விட்டு எழும் அதே வாக்கியத்தில் தீ குளிர்ந்துவிட்டதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டிய இடம் அதற்கு முன்பே இருக்கிறது. முயல் உடலை உதறும்போது நிறுத்தி, ஏன் உதறியது என்று கேட்டால் விதவிதமான விடைகள் வரும். குளிருக்காக என்பார்கள், பயத்தால் என்பார்கள், அழுக்குப் போவதற்காக என்பார்கள். பேனுக்காக என்ற உண்மையைச் சொன்னதும் சிரிப்பு எழும். சிரித்து முடித்த பிறகு அந்தப் பேன் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும் என்று யாரேனும் ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

இவ்வாறு பெருஞ்செயலுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு அசைவு வருவதைப் பல கதைகளில் பார்க்கலாம். குரங்கரசனின் கதையில் அது ஒரு கணக்குப் பிழையாக வருகிறது. கங்கைக் கரையில் ஒரு பெரிய மாமரம். அதில் எண்பதாயிரம் குரங்குகள். அவற்றுக்குத் தலைவர் போதிசத்துவர். மரத்தின் ஒரு கிளை ஆற்றின் மேல் நீண்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு பழம் நீரில் விழுந்தாலும் மனிதர்கள் தேடி வந்துவிடுவார்கள் என்று, அந்தக் கிளையில் காய்க்கவே விடாமல் தலைவர் பார்த்துக்கொள்கிறார். ஆனால் எறும்புக்கூடு மறைத்திருந்த ஒரு காய் மட்டும் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அது பழுத்து, நீரில் விழுந்து, மிதந்து சென்று காசி அரசனின் வலையில் சிக்குகிறது. சுவைத்துப் பார்த்த அரசன் படகுகளோடு ஆற்றை எதிர்த்துப் பயணம் செய்து மரத்தை அடைந்து, இரவில் பழம் தின்ன வந்த குரங்குகளைக் கண்டு, விடிந்ததும் எல்லாவற்றையும் எய்துவிட வில்லாளிகளை மரத்தைச் சுற்றி நிறுத்துகிறான்.

தலைவர் அக்கரைக்குத் தாவுகிறார். அங்கே ஒரு நீண்ட கொடியை வெட்டி, இவ்வளவு நீளம் இந்த மரத்தில் கட்டுவதற்கு, இவ்வளவு நீளம் நடுவெளிக்கு என்று கணக்கிட்டு எடுத்துக்கொண்டு திரும்பத் தாவுகிறார். தன் இடுப்பில் கட்டிக்கொண்ட நீளத்தை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. கொடி அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. மாமரத்தின் கிளையைக் கைகளால்தான் பற்ற முடிகிறது. இடையில் விழுந்த இடைவெளியை அவர் தன் உடலால் நிரப்ப, எண்பதாயிரம் குரங்குகளும் அவர் முதுகின் மேல் நடந்து தப்பிக்கின்றன.

இந்தக் கதையை எழுதியவரின் நுட்பத்தை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன். மரத்துக்கு எவ்வளவு வேண்டும், வெளிக்கு எவ்வளவு வேண்டும் என்று எல்லாவற்றையும் அளந்தவர், தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார். உரைகாரர் இதற்குப் பொருள் எதுவும் சொல்லாமல் போகிறார். குழந்தைகளுக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கயிற்றை எடுத்து இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கட்டச் சொல்லி, ஒரு முனையை ஒருவரின் இடுப்பில் கட்டிப் பார்த்தால், கயிறு எவ்வளவு குறைந்துபோகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதையின் கடைசியில் ஒரு குரங்கு வேண்டுமென்றே உயரமான கிளையிலிருந்து தலைவரின் முதுகில் குதித்து அவர் இதயத்தை முறித்துவிடுகிறது. அந்தக் குரங்குதான் பிற்காலத்தில் புத்தரைப் பகைத்த தேவதத்தனாகப் பிறந்தது என்பது கதை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சொல்லும்போது இப்பகுதியை விட்டுவிடுகிறேன்; விட்டுவிடுவதில் எனக்குக் குற்ற உணர்வில்லை. ஆனால் அதன்பின் வருவதை விடுவதில்லை. இரவெல்லாம் உறங்காமல் இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அரசன், தலைவரை மெல்ல இறக்கச் சொல்லி, கங்கை நீரால் கழுவி, சர்க்கரை கலந்த நீரைப் பருகக் கொடுத்து, படுக்கையில் கிடத்தி, தான் அதைவிடத் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, உன்னையே பாலமாக்கினாயே, அவை உனக்கு யார், நீ அவற்றுக்கு யார் என்று கேட்கிறான். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பார்ஹுத் தூபியின் கற்சிற்பம் ஒன்றில் இக்கதை இருக்கிறது. மேலே குரங்குகள் கடந்துகொண்டிருக்க, கீழே இருவர் ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், களைத்து விழப்போகும் தலைவரைத் தாங்குவதற்கு. கொல்ல வந்தவர்களின் கைகள்தாம் அந்தத் துணியைப் பிடித்திருக்கின்றன.

ஆலமர மானின் கதை வேறு வகையானது. சொல்லும் முறையிலேயே குழந்தைகளுக்கு ஏற்றது. காசி அரசனின் தோட்டத்தில் இரண்டு மான் கூட்டங்கள் அடைபட்டிருக்கின்றன. நாளுக்கு ஒரு மான் தானே முன்வந்து உயிரைக் கொடுக்க வேண்டும், மற்றவற்றை வேட்டையாடித் துன்புறுத்தக் கூடாது என்பது ஏற்பாடு. ஒருநாள் முறை ஒரு கருவுற்ற மானுக்கு வருகிறது. குட்டி பிறக்கும் வரை என் முறையைத் தள்ளிவையுங்கள் என்று தன் தலைவனிடம் அது கெஞ்ச, அவன் மறுத்துவிடுகிறான். அது மற்றக் கூட்டத்தின் தலைவரான ஆலமர மானிடம் போகிறது. நீ போ அம்மா, உன் முறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அவரே போய் வெட்டுக்கட்டையில் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறார். செய்தி அறிந்து ஓடிவந்த அரசன் நெகிழ்ந்து, உனக்கும் அந்தப் பெண்மானுக்கும் அபயம் தந்தேன் என்கிறான்.

ஒரு சாதாரணக் கதை இங்கே முடிந்துவிடும். ஆலமர மான் எழுந்திருக்கவில்லை. அரசே, எங்கள் இருவருக்கும் அபயம் கிடைத்தது, தோட்டத்தில் உள்ள மற்ற மான்கள் என்ன செய்யும் என்று கேட்கிறார். அவற்றுக்கும் அபயம். தோட்டத்துக்கு வெளியே உள்ள மான்கள்? அவற்றுக்கும். மற்ற நாற்கால் விலங்குகள்? பறவைகள்? நீரில் உள்ள மீன்கள்? ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அபயம் பெற்ற பிறகே அவர் தலையை எடுக்கிறார். இரண்டாவது கேள்வியைச் சொல்லும்போதே குழந்தைகள் அடுத்தது என்ன என்று கூவத் தொடங்கிவிடுவார்கள். மீன்களோடு பாலிக்கதை நின்றுவிடும், குழந்தைகள் நிறுத்துவதில்லை. பாம்பு, பல்லி, கரப்பான்பூச்சி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கொசு வரும்போது மட்டும் சபையில் ஒரு தயக்கம் ஏற்படும். அந்தத் தயக்கத்தை நான் தீர்த்துவைப்பதில்லை.

மைத்திரிக்கும் கருணைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட நாளாகிரி யானையின் கதை உதவும். இராசகிருகத்தின் தெருவில் புத்தர் வரும்போது, அவரைக் கொல்வதற்காகத் தேவதத்தனின் சூழ்ச்சியால் அந்த முரட்டு யானை அவிழ்த்துவிடப்படுகிறது. எல்லோரும் ஓடிவிட, புத்தர் அதை மைத்திரி நிறைந்த உள்ளத்தால் எதிர்கொள்கிறார். யானை துதிக்கையைத் தாழ்த்தி, அவர் பாதத்துத் தூசியை எடுத்துத் தன் தலையில் தூவிக்கொண்டு, அவர் தன் கண்ணுக்குத் தெரியும் வரை பின்னோக்கியே நடந்து போகிறது. இந்தக் காட்சியைச் செதுக்கிய அமராவதிச் சிற்பம் ஒன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் யானை ஒருபுறம் மதங்கொண்டு ஓடுவதும் மறுபுறம் பணிந்து கிடப்பதும் தெரியும். இங்கே யானையின் துன்பம் எதையும் புத்தர் துடைக்கவில்லை. அதற்குத் தீங்கு நினைக்காமல் இருக்கிறார், நன்மை நினைக்கிறார், அது மைத்திரி.

மீன்களோடு விளையாடிய சிறுவர்களின் நிகழ்ச்சி மிகச் சிறியது. உதானம் என்ற பழைய நூலில் சில வரிகளில் வருகிறது. சாவத்தி நகருக்கும் ஜேதவனத்துக்கும் இடையில் சில சிறுவர்கள் மீன்களைத் துன்புறுத்திக்கொண்டிருக்கிறார்கள். வழியில் வந்த புத்தர் அவர்களைத் திட்டவில்லை, மீன்களைப் பிடுங்கவில்லை. பிள்ளைகளே, நீங்கள் வலிக்கு அஞ்சுகிறீர்களா, வலி உங்களுக்குப் பிடிக்காதா என்று கேட்கிறார். ஆம் ஐயா, அஞ்சுகிறோம், எங்களுக்கு வலி பிடிக்காது என்கிறார்கள் அவர்கள். அப்படியானால் வெளிப்படையாகவோ மறைவாகவோ தீமை செய்யாதீர்கள் என்கிறார். இதில் மந்திரமில்லை, இந்திரனில்லை, முற்பிறவி இல்லை. நெஞ்சின் நடுக்கத்தை ஒரு கேள்வியால் எழுப்ப முடியும் என்பதை நான் இங்கிருந்துதான் கற்றேன். ஏறக்குறைய இதே போல், ஒரு பாம்பைத் தடியால் அடித்துக்கொண்டிருந்த சிறுவர்களின் நிகழ்ச்சியும் உண்டு.

அன்னத்தை எய்த தேவதத்தனும் அதைக் காத்த இளவரசன் சித்தார்த்தனும் வரும் கதையைப் பெரும்பாலோர் அறிவார்கள். அது பாலித் திரிபிடகத்தில் இல்லை. பிற்கால வரலாறுகளில் வருவது. அன்னம் எய்தவனுக்குச் சொந்தமா, காத்தவனுக்குச் சொந்தமா என்ற வழக்காகவே அதைச் சொல்லி முடித்துவிடுகிறோம்; அதனால் குழந்தைகளின் மனத்தில் யார் வென்றார் என்பது மட்டும் தங்குகிறது. அக்கதையின் சில வடிவங்களில், பறவையின் உடலிலிருந்து பிடுங்கிய அம்பின் முனையைச் சித்தார்த்தன் தன் கையில் மெல்லக் குத்திப் பார்த்து, இது எப்படி வலிக்கும் என்று அறிந்துகொள்கிறான். முயலின் உதறலுக்கு நிகரான இடம் அதுதான்.

எல்லாக் கருணைக் கதைகளும் எல்லா வயதுக்கும் உரியவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பசியால் தன் குட்டிகளையே தின்னப்போகும் பெண்புலிக்கு முன் போதிசத்துவர் தன் உடலைக் கிடத்தும் கதை, ஆரியசூரர் வடமொழியில் எழுதிய ஜாதகமாலையின் 34 கதைகளில் முதலாவது. பாலித் தொகுப்பில் அது இல்லை. கவித்துவம் மிக்க கதை. பத்து வயதுக்கு முன் வேண்டாம் என்பேன். பாலித் தொகுப்பின் கடைசிக் கதையான வெஸ்ஸந்தரனின் கதையை இன்னும் தள்ளிப்போடுவேன். அதில் கொடையின் எல்லையைக் காண விரும்பும் அரசகுமாரன் தன் மகனையும் மகளையுமே கேட்டவனுக்குக் கொடுத்துவிடுகிறான். பெரியவர்கள் அக்கதையைக் கொடுப்பவனின் இடத்திலிருந்து கேட்கிறார்கள். குழந்தை அதைக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் இடத்திலிருந்துதான் கேட்கும். இறுதியில் எல்லோரும் ஒன்றுசேர்ந்துவிடுகிறார்கள் என்று சொன்னாலும் அந்தக் கலக்கம் உடனே தீராது. சிபி அரசனின் கதையிலும் இரண்டு வடிவங்கள் உண்டு. பாலியில் அவன் பார்வையற்ற ஒருவனுக்குத் தன் கண்களைக் கொடுக்கிறான். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைக்கும் வடிவமே நமக்குப் பழக்கமானது. சங்கப் புலவர்கள் அவனைச் சோழர்களின் முன்னோனாகவே பாடினார்கள். சிறியவர்களுக்குப் புறா அரசனின் மடியில் வந்து ஒளிந்துகொள்ளும் இடம் வரைக்கும் போதும்.

தமிழிலேயே நிற்கும் ஒரு பௌத்தக் கருணைக் கதையை விட்டுவிட்டு இதை முடிக்க முடியாது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், பிறந்தவுடன் கைவிடப்பட்டு, ஒரு பசு ஏழு நாள் பாலூட்டிக் காத்த குழந்தை. வளர்ந்த பின், வேள்விக்காகக் கட்டிவைக்கப்பட்ட பசு ஒன்றின் கண்ணில் அச்சத்தைக் கண்டு, இரவோடிரவாக அதை அவிழ்த்துக்கொண்டு போகிறான். அதனால் ஊராரால் விரட்டப்படுகிறான். மதுரைக்குச் சென்று, கையில் பிச்சை ஓடு ஏந்தி வீடுவீடாக இரந்து, பார்வையற்றோர், செவி கேளாதோர், நடக்க இயலாதோர் அனைவரையும் அழைத்து உண்ணச் செய்து, எஞ்சியதைத் தான் உண்டு, அந்தப் பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்து உறங்குகிறான். ஒரு மழை இரவில் பசியோடு சிலர் வந்து அவனை எழுப்புகிறார்கள், கொடுக்க ஒன்றுமில்லை. அவன் படும் வேதனையைக் கண்ட சிந்தாதேவி என்ற தெய்வம், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்ற பாத்திரத்தை அவன் கையில் தருகிறது.

குழந்தைகளுக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் அமுதசுரபியில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பின் வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. முயலின் கதையில் சூடேறிய இந்திரனின் ஆசனம் இங்கே அசைகிறது. முதிய அந்தணனாக வந்து, வேண்டிய வரத்தைக் கேள் என்று அவன் சொல்ல, ஆபுத்திரன் விலாவெடிக்கச் சிரிக்கிறான். உங்கள் உலகத்தில் செய்த நல்வினையின் பயனை உண்டு கிடப்பவர்கள்தாம் இருக்கிறார்கள், பசித்தவர் முகம் மலர்வதைக் காண அங்கே வழியில்லையே, உம்மிடம் எனக்கு என்ன வேண்டியிருக்கிறது என்கிறான். சினந்த இந்திரன் நாட்டில் மழையையும் விளைச்சலையும் பெருக்கிவிடுகிறான். யாருக்கும் பசியில்லை, ஆகவே அமுதசுரபியைத் தேடி யாரும் வரவில்லை. தண்டனை இவ்வளவுதான்: எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். இதைக் கேட்ட ஒரு பையன், அப்படியென்றால் ஆபுத்திரன் மகிழ்ந்திருக்க வேண்டாமா என்று கேட்டான். கருணைக்கும் கொடுக்கும் ஆசைக்கும் இடையில் உள்ள மெல்லிய கோட்டை அவன் தொட்டுவிட்டான். அறிஞர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. மணிமேகலையில் ஆபுத்திரன் மகிழவில்லை. பசித்தவர்களைத் தேடிக் கப்பலேறிப் போகிறான்.

கடைசியாக, எந்த அதிசயமும் நிகழாத ஒன்று. துறவிகள் தங்கும் இடங்களைப் புத்தரும் அவர் சீடர் ஆனந்தரும் பார்வையிட்டுக்கொண்டு வருகிறார்கள். வயிற்றுப்போக்கால் வாடும் ஒரு துறவி தன் கழிவிலேயே கிடக்கிறார். உன்னைக் கவனிக்க யாருமில்லையா என்று புத்தர் கேட்கிறார். இல்லை ஐயனே, நான் மற்றவர்களுக்கு எந்த உதவியும் செய்ததில்லை, அதனால் எனக்கும் யாரும் செய்வதில்லை என்கிறார் நோயாளி. புத்தர் அறிவுரை எதுவும் சொல்லாமல், ஆனந்தா, தண்ணீர் கொண்டுவா என்கிறார். புத்தர் நீரை ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். பிறகு புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்து அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதன் பின்பே மற்றத் துறவிகளைக் கூட்டி, இங்கே உங்களைக் கவனிக்கத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஒருவரை ஒருவர் நீங்கள் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார், எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார்.

யார் நீர் ஊற்றினார், யார் கழுவினார், யார் எந்தப் பக்கம் பிடித்தார் என்று, துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய நூல் இவ்வளவு துல்லியமாகக் குறித்துவைத்திருப்பதால், இதை நடித்துப் பார்ப்பது எளிது. நான் இதைச் சொல்லி முடித்த ஒரு மாலையில் குழந்தைகள் தாமாகவே எழுந்து நடிக்கத் தொடங்கினார்கள். புத்தராக யார் இருப்பது என்பதில் சண்டை வருமென்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நோயாளியாகப் படுத்துக்கொள்வதற்குத்தான் எல்லோரும் போட்டியிட்டார்கள்; ஒருவர் மாற்றி ஒருவராகத் தரையில் கிடந்தார்கள், மற்ற இருவர் தலைப்பக்கமும் கால்பக்கமும் பிடித்து மெல்லத் தூக்கினார்கள்.